ரத்தத்திலேயே இருக்குது தாளம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னிடம் அடக்கம் கொஞ்சமாவது இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய நிலையே வந்திருக்காது.

மதுரையில் ஒரு டெத் மெட்டல் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டு பாடுகிறேன். ‘பாடுகிறேன்’ என்பது எங்கள் மூன்று பேருக்குள் மட்டும் செல்லுபடியாகும் சொல். மற்றவர்கள் காதுக்கு அது, தொண்டையில் மீன்முள் சிக்கிய ஒருவன் அக்கம்பக்கத்தை உதவிக்குக் கூப்பிடுவது போலத்தான் கேட்கும். கிதாரிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எங்கள் டிரம்மர் அடிக்கிற வேகத்துக்கு என் வலது கை மூச்சு வாங்கி ஓடிப்போய்ச் சேர்வதற்குள், அவன் அடுத்த வரிக்குப் போய், அங்கே ஒரு டீயும் குடித்து முடித்துவிட்டு எனக்காகக் காத்திருப்பான். அப்படிப்பட்ட நான், அப்படிப்பட்ட அவனைப் பற்றி, ஒரு போன் பேட்டியில் திருவாய் மலர்ந்தது இதுதான்:

"எங்க டிரம்மருக்கு ரத்தத்துலயே தாளம் இருக்குங்க. பரம்பரையா வர்றது."

நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் சென்டரின் வண்டி நிறுத்தத்தில், ஹெல்மெட்டைக் கழற்றாமல், அதற்குள்ளேயே செல்போனைச் செருகிக்கொண்டு பேசினேன். மூளைக்குக் காற்றுப் போகவில்லை, அதனால்தான் அப்படி வந்துவிட்டது என்று பின்னால் சொல்வதற்கு ஒரு சாக்குகூடத் தயார் செய்து வைத்திருந்தேன். யாரிடமும் அது எடுபடவில்லை.

கேட்டவர் சென்னைக்காரர். கீழக்குயில்குடிப் பக்கம், மலையடிவாரத்தில் உள்ள ஒரு ரிசார்ட்டில் ஒருநாள் இசைவிழா நடத்துகிறார். ஊர்ப்பக்கத்துக் குழுக்களைத் தேடிப் பிடித்து மேடை ஏற்றுகிறாராம். பேச்சோடு பேச்சாக, "உங்க சவுண்டோட ஒரிஜின் என்ன ப்ரோ?" என்று கேட்டார்.

அதற்கு நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது. எண்பதுகளில், அமெரிக்காவின் தென்கோடியில், சதுப்பும் முதலையும் வேர்வையுமாக இருக்கும் ஒரு மாநிலத்தில் சில பையன்களுக்குக் கோபம் வந்தது. என்ன கோபம் என்று அவர்களுக்கே தெளிவில்லை. அதுவரை உலகத்திலேயே வேகமான சங்கதியாக இருந்த திராஷ் மெட்டலைக் கேட்டுவிட்டு, இது போதாது, இன்னும் வேகம் வேண்டும், இன்னும் கீழே இறங்க வேண்டும் என்று கார் நிறுத்தும் கொட்டகைகளுக்குள் உட்கார்ந்து அடித்தார்கள். அதே காலத்தில் ஐரோப்பாவின் வடக்கே, ஆறு மாதம் வெயிலே பார்க்காத ஊர்ப் பையன்களுக்கும் அதே காய்ச்சல் கண்டது. கேசட்டில் பதிந்து ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். கிதார்க் கம்பிகளைக் கொடிக்கயிறு மாதிரி தொங்கும்வரை தளர்த்தினார்கள். ஒலி கீழே போய் வயிற்றில் இடித்தது. ஒரே கம்பியை, தேனீ ஒன்று தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டதுபோல, விடாமல் மேலும் கீழும் அதிர விட்டார்கள். டிரம்மில் வலது கையும் இடது கையும் காலும் ஒன்றையொன்று துரத்தும் ஓர் அடியைக் கண்டுபிடித்தார்கள். பிளாஸ்ட் பீட் என்று பெயர். முதல் தடவை கேட்டால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல் இருக்கும். காது பழகிய பிறகுதான் அந்த மழைக்குள் ஒருவன் எண்ணிக்கொண்டிருப்பது தெரியும். அதன்மேல் மனிதக் குரலை மனிதக் குரலாகவே தெரியாத அளவுக்கு அடித்தொண்டையிலிருந்து உறுமினார்கள். பாட்டுக்குப் பொருள் பிணம், போர், கொள்ளைநோய். டெத் மெட்டல் பிறந்த கதை இவ்வளவுதான்.

இதில் மதுரைக்கு என்ன பங்கு? ஒரு பங்கும் இல்லை. எங்கள் கல்லூரிக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்து, தலையணைக்குள் ஹெட்போனை வைத்துக் கேட்டோம். எங்கள் ஒலியின் பூர்வீகம் அந்தப் பிரவுசிங் சென்டர். இதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் அந்தச் சென்னைக்காரர், "நேட்டிவ்வா ஏதாவது இருக்கா ப்ரோ? ஃபோக் மெட்டல் மாதிரி?" என்று இழுத்தார். வெளிநாட்டில் மெட்டலோடு அந்தந்த ஊர் நாட்டுப்புற வாத்தியங்களைச் சேர்த்து வாசிக்கும் ஒரு வகை உண்டு, அதைக் கேட்கிறார். வாய்ப்பு நழுவுகிறது என்று எனக்குப் பட்டது. நாக்கு நீண்டது.

என்ன சொன்னேன் என்பதன் கனம் விளங்க வேண்டுமானால், டிரம்மரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவனை நான் முதன்முதலில் பார்த்தது ஹாஸ்டல் மெஸ்ஸில். நான் ஒரு மெட்டல் குழுவின் பெயர் அச்சடித்த கறுப்பு பனியன் போட்டிருந்தேன். மெட்டல் குழுக்களின் பெயரை முள்வேலி மாதிரிச் சுருட்டிச் சுருட்டித்தான் எழுதுவார்கள். அவன் தட்டோடு வந்து எதிரே நின்று, "இதுல என்ன எழுதியிருக்கு? படி பாப்போம்" என்றான். என் பனியனை என்னால் படிக்க முடியவில்லை. அவன் படித்தான். அந்தக் குழுவின் முதல் டிரம்மர் யார், ஏன் விலகினார் என்பது வரைக்கும் சொன்னான். பிறகு எந்த ஊர் என்று கேட்டான். எழுமலைக்கு அந்தப் பக்கம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னேன். முகம் மாறியது.

"எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன். அதற்குமேல் அவன் சாப்பிடவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கொஞ்ச நாள் கழித்து, மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அவனாகவே பேசினான். அவனுக்கும் பூர்வீகம் அதே ஊர்தான். எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால், ஆள் போய் அவர்கள் தெருமுனையில் நின்று சத்தம் கொடுப்பார். காய்ச்சலில் கிடந்தாலும், வீட்டில் கல்யாணமே நடந்தாலும், கொட்டுப் பறையை எடுத்துக்கொண்டு வர வேண்டும். பாடை எடுக்கும்வரை அடிக்க வேண்டும். அவனுடைய அப்பா வாலிப வயதில் ஒருநாள், "வரல" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்கு வயல் வேலை நின்றது, கடையில் சாமான் நின்றது. கல்யாணமான புதிதில் கையில் ஒரு பெட்டியோடு மதுரைக்கு வந்து, பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். மகனுக்கு டிரம்ஸ் ஆசை வந்தபோது மறுக்கவில்லை. பழைய செட் ஒன்றை ஷேர் ஆட்டோவில் ஏற்றி அவரே கொண்டுவந்து கொடுத்தார். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: "எவன் கூப்புட்டாலும், உனக்குப் புடிச்சாத்தான் போகணும்."

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். பரம்பரையை விட்டு வெளியே வருவதற்காக ஊரையே விட்ட ஒரு குடும்பத்துப் பையனைப் பற்றித்தான், "பரம்பரையா வர்றது" என்று பெருமையோடு சொன்னேன். வசைபாட எனக்கு நல்ல வார்த்தைகள் நிறையத் தெரியும். என்னை வைதுகொள்ள அதில் எதுவும் போதவில்லை.

போஸ்டர் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. முதலில் பார்த்தது எங்கள் பாஸ் கிதார்க்காரன். பழைய நகரத்துக்குள் அவர்கள் குடும்பத்துக்கு ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்கு மேலே உள்ள குடோனில்தான், சைலன்ஸர் குவியலுக்கு நடுவே நாங்கள் பயிற்சி செய்வது. சுவரெல்லாம் கோணிச் சாக்கும் பழைய மெத்தையும் அடித்திருக்கிறோம். பக்கத்தில் லேத் பட்டறை இருப்பதால் யாரும் சத்தம் என்று புகார் சொல்வதில்லை. லேத்துக்காரர் மட்டும் எப்போதாவது மேலே வந்து, தன் மிஷின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தெரியவில்லை, பத்து நிமிஷம் நிறுத்தினால் பார்த்துக்கொள்வேன் என்பார்.

"மாப்ள," என்றான் பாஸ்காரன் போனில். "என்ன வேல பாத்து வச்சிருக்க நீ?"

"என்னடா?"

"அனுப்பியிருக்கேன், பாரு. பாத்துட்டு எங்கயாச்சும் போய் ஒளிஞ்சுக்க. எங்க கடைக்கு மட்டும் வராத."

பார்த்தேன். டிரம்மரின் முகம். சட்டையில்லாத வேறு யாருடைய உடம்பிலோ அந்த முகத்தை ஒட்டியிருந்தார்கள். கழுத்தில் பறை. பின்னால் புகை, நெருப்பு, மலை. என்னையும் பாஸ்காரனையும் கீழே மூலையில், தொலைந்துபோனவர்கள் படம் மாதிரிச் சின்னதாகப் போட்டிருந்தார்கள். குறுக்கே கொட்டை எழுத்தில்: ‘ரத்தத்திலேயே இருக்குது தாளம். பரம்பரை பரம்பரையாக!’ அந்த ஆச்சரியக்குறியை மட்டும் நான் சொல்லவில்லை; அதைச் சென்னைக்காரர் தன் சொந்தச் செலவில் சேர்த்திருந்தார்.

டிரம்மருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நூறு தடவை போட்டிருப்பேன். அவன் ஐ.டி. கம்பெனியில் டீம் லீட். மீட்டிங்கில் இருப்பான் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன்.

போஸ்டர் செல்போனுக்கு செல்போன் தாவி, சனிக்கிழமைக்குள் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமானார். வயசானவர், எதிர்பார்த்த சாவுதான். என் பெரியப்பா யாரையோ பிடித்து நம்பர் வாங்கி, டிரம்மரின் அப்பாவுக்கு மதுரைக்குப் போன் போட்டிருக்கிறார்.

"ஏப்பா, மகன் மறுபடி கொட்டெடுத்துட்டானாமே? இங்க ஒரு சாவு விழுந்துருச்சு. அனுப்பி வையி."

அவர் போனை வைத்துவிட்டாராம். ஞாயிறு என்றும் பார்க்காமல் பட்டறைக்குப் போய்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார். இதை எனக்குச் சொன்னது பாஸ்காரன். அவனுக்கு டிரம்மர் சொல்லியிருக்கிறான். "எங்கத்தாகிட்ட எவனாச்சும் இப்படிப் பேசியிருந்தா..." என்று தன் அப்பாவை வைத்து ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

பங்காளி வீட்டுச் சாவு என்பதால் நான் போயே ஆக வேண்டும். போனேன். உசிலம்பட்டி தாண்டும்போதே பெரியப்பாவிடம் பேச வேண்டியதை வண்டியில் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்தில் வந்த மினிபஸ்காரர்கள் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள்.

பந்தலுக்கு வெளியே, யூனிபார்ம் போட்ட ஒரு டிரம் செட் முழங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

"ஏன் பெரியப்பா அவருக்குப் போன் போட்டீங்க?"

"எவருக்குடா?" அந்த ‘ரு’வை மட்டும் தனியாக மென்று துப்பினார்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"ஓ, அதா? சும்மா விளையாட்டுக்குக் கேட்டேன்டா. இங்கதான் செட்டுக்குச் சொல்லியாச்சே, பாக்கறேல்ல?"

"இது விளையாட்டா? அவரு உங்க வயசு ஆளு."

"அதுக்கு ஏன்டா உனக்கு இம்புட்டுக் கோவம்? நான் என்னத்தப் புதுசாச் சொல்லிப்புட்டேன்? பரம்பரையா வர்றதுன்னு நோட்டீசுல போட்டிருக்கு. போடச் சொன்னது யாரு? நானா?"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிக்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தேவையில்லாமல் கேட்டிருக்கிறார். ஆள் வேண்டியிருக்கவில்லை, கொட்டு வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த மனுஷன் ‘வரல’ என்று சொன்னது இவருக்கு ஜீரணமாகவில்லை. ஒரு போன் காலில் அதைத் திருப்பி எடுத்துவிடப் பார்த்திருக்கிறார். அதற்கு ஆயுதம் கொடுத்தவன் நான். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அங்கேதான் என் விதி விளையாடியது. இத்தனை வருஷமாகக் கோபத்தை வயிற்றிலிருந்து கிளப்பி அடித்தொண்டையில் விடுவதற்குப் பழக்கி வைத்த குரல். வார்த்தை வரவில்லை. உறுமல்தான் வந்தது. நல்ல உறுமல். மேடையில்கூட அப்படி ஒன்று எனக்கு அமைந்ததில்லை.

டிரம் செட்டே ஒரு நொடி நின்றது. பந்தலுக்குள் இருந்து சித்தி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "அழுகாத சாமி, அழுகாத. அவரு மேல இம்புட்டுப் பாசம் வச்சிருந்திருக்கியே, எங்களுக்கே தெரியாமப் போச்சே" என்று தோளைத் தடவினார். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். திட்ட வந்தவன், சோடாவைக் குடித்துவிட்டு, ஆறுதல் சொல்லப்பட்டு, உட்காரவைக்கப்பட்டேன். எதிர்நாற்காலியில் பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். இப்போது நினைத்தாலும் அந்தச் சோடா பாட்டிலை என்ன செய்திருக்கலாம் என்று கை துறுதுறுக்கிறது.

ஊரிலிருந்து திரும்பும்போதே சென்னைக்காரருக்குப் போன் போட்டேன்.

"ப்ரோ, அந்தப் போஸ்டர எடுத்துருங்க."

"ஏன் ப்ரோ? அதுதான் செமயா ரீச் ஆகுது."

"அவன் அதெல்லாம் வாசிக்கிறதில்ல. படத்த நீங்களா ஒட்டியிருக்கீங்க. அவனக் கேக்கவே இல்ல."

"நீங்கதானே ப்ரோ சொன்னீங்க? அவர் ஏன் ஃபீல் பண்றார்? இது ப்ரைட் ப்ரோ. நாங்க செலிப்ரேட் பண்றோம்."

கொண்டாடுகிறார்களாம். ஒருவனைக் கேட்காமல், அவன் முகத்தை வெட்டி, அவன் அப்பா இறக்கி வைத்ததை எடுத்து அவன் கழுத்தில் மாட்டி, புகை போட்டுக் கொண்டாடுகிறார்கள். பெரியப்பா ‘அனுப்பி வையி’ என்கிறார். இவர் ‘செலிப்ரேட்’ என்கிறார். எனக்கு ரெண்டு பேரையும் ஒரே சாக்கில் கட்டி வைகையில் போடலாம் போலிருந்தது. வைகையில் தண்ணீர் இருக்காது. மணலில் விழுந்து எழுந்து வந்துவிடுவார்கள்.

போஸ்டரை எடுக்கவில்லை. ஆச்சரியக்குறியை மட்டும் எடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் குடோனுக்குப் போனேன். டிரம்மர் எனக்கு முன்பே வந்து, சிம்பல் ஸ்டாண்டைத் திருகிக்கொண்டிருந்தான். ஆபீஸ் ஐடி கார்டுகூடக் கழுத்திலேயே கிடந்தது. பாஸ்காரன் சைலன்ஸர் குவியலுக்குப் பின்னால் கம்பி மாற்றுவது போல் பாவனை செய்துகொண்டிருந்தான்.

"சாரிடா மாப்ள" என்றேன்.

"எதுக்கு?"

"அதான்... அந்த..."

"நீ என்ன சொன்னியோ அதச் சொல்லு. எங்கிட்டச் சொல்லு பாப்போம்."

சொன்னேன். அந்த அறையில் அதைச் சொல்வதைவிட லேத் மிஷினுக்குள் விரலைக் கொடுத்திருக்கலாம்.

"பரம்பரையா வர்றது" என்று திருப்பிச் சொன்னான். "எங்க தாத்தாவுக்குத் தாளமே நிக்காது, தெரியுமா உனக்கு? தாளம் தப்புதுன்னு உங்க தெருவுல அடி வாங்கியிருக்காரு. எங்கப்பாவுக்கு மோளச் சத்தம் கேட்டாலே தலவலி. இந்தப் பெடல மிதிக்கக் கத்துக்க நான் வருஷக்கணக்கா, வீட்டுல தலகாணிய வச்சு மிதிச்சேன். முழங்காலுக்குக் கீழ வலி உசுரு போகும். அது எவன் ரத்தம்டா? உன் வேகம் வரலன்னா ‘பிராக்டீஸ் பத்தல’. என் வேகம் வந்தா ‘பரம்பர’. அப்படித்தானே?"

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ஒரு ஜோக் அடித்துத் தப்பிப்பேன். வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"பறை வாசிக்கிறவங்களப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். "எங்க ஆளுங்க எத்தன பேரு இன்னைக்குத் தானா எடுத்துத் தலநிமிந்து வாசிக்கிறாங்க. கையெடுத்துக் கும்புடுவேன். என்னப் பாத்து நீ வாசின்னு சொல்றான் பாரு, அவனத்தான்..." கையில் இருந்த குச்சியால் ஸ்நேர் டிரம்மில் ஓர் அடி. குடோன் முழுக்க சைலன்ஸர்கள் கிணுகிணுத்தன.

பாஸ்காரன் எழுந்து வந்தான். "நாம போக வேணாம்டா. கேன்சல்னு சொல்லிருவோம். எவனுக்கு வேணும் இந்த மேட?"

"நான் எதுக்குப் போகாம இருக்கணும்?" என்றான் டிரம்மர். "எங்கப்பா ஊர விட்டுட்டு வந்தாரு. அதுக்கே இன்னும் போன் போட்டுக் கேக்குறானுங்க. இதயும் நான் விடணுமா? போறோம். நம்ம பாட்டத்தான் வாசிக்கிறோம்." பிறகு என்னைப் பார்த்தான். "மொதப் பாட்டுக்கு முன்னாடி நீ மைக்கப் புடிக்கிற. நான் சொன்னது பொய்யின்னு சொல்ற. எங்கப்பா கதையச் சொல்லி அங்க இரக்கம் தேடாத. நீ பண்ணத மட்டும் சொல்லு. காமெடி பண்ணாம."

"சரி."

"உன்னால முடியுமா?"

"முடியும்டா."

"பாப்போம்."

விழா அன்று சாயங்காலம் மேடைக்குப் போனால், முன்வரிசையில் மூங்கில் சட்டம் கட்டிப் பறைகளைத் தோரணம் மாதிரித் தொங்கவிட்டிருக்கிறார்கள். டிரம் ஸ்டூலின்மேல் ஒரு மடிப்பு வேட்டியும் சிவப்புத் துண்டும். சென்னைக்காரர் அந்தப் பக்கம் நின்று, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். டிரம்மர் வேட்டியை எடுத்தான். உதறினான். நாலாக மடித்து, கிக் டிரம்முக்கு அடியில் விரித்தான். மிதிக்க மிதிக்க டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். அடியில் ஒரு முரட்டுத் துணி இருந்தால் நிற்கும். துண்டை வேர்வை துடைக்கப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். ஆபீஸுக்குப் போட்டுப் போகும் கட்டம் போட்ட சட்டையோடு உட்கார்ந்தான்.

நான் மைக்கைப் பிடித்தேன்.

"போஸ்டர்ல ஒரு வரி பாத்திருப்பீங்க. ரத்தத்துலயே தாளம்னு. அது பொய். அந்தப் பொய்யச் சொன்னவன் நான்தான்."

சிரித்தார்கள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அங்கிருந்த பாதிப் பேர் எங்களை முன்பே கேட்டவர்கள். பாட்டுக்கு நடுவில் நான் கோமாளித்தனம் செய்வது அவர்களுக்குத் தெரியும். விசில் வேறு.

"சீரியஸாத்தான் சொல்றேன்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். "சீரியஸாம்!" என்று ஒருவன் கத்தினான். இத்தனை காலம் எல்லாரையும் சிரிக்கவைத்துச் சம்பாதித்த பேர், நான் ஒரே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் வந்து வாயை அடைத்தது. என் மூஞ்சி அப்படி. அழுதால்கூட மிமிக்ரி என்பார்கள்.

திரும்பிப் பார்த்தேன். டிரம்மர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் முடிக்காமல் அவன் தொடமாட்டான் என்று தெரிந்தது. அவன் அப்பாவின் கதையைச் சொன்னால் இந்தக் கூட்டம் ஒரு நொடியில் அடங்கிவிடும். அது நாக்கு நுனிவரை வந்தது. அவன் கண்ணைப் பார்த்ததும் அப்படியே நின்றது. மறுபடியும் அவனை வைத்து நான் கைதட்டு வாங்கப் பார்க்கிறேன்.

மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். சிரிப்பு அடங்கும்வரை பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நிற்பதை யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. மெல்ல மெல்ல அடங்கியது.

"இவன் வாசிக்கிறது இவன் கத்துக்கிட்டது. இவன் கழுத்துல அந்தப் படத்த மாட்டுறதுக்கு வழி பண்ணது நான். அத வச்சு, எங்க வீட்டு ஆளு, எங்க பெரியப்பா, ஒரு பெரிய மனுசன அவமானப்படுத்துனாரு. ரெண்டுமே எங்க வீட்டு வேல. இந்தத் தோரணத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்ல. நாங்க டெத் மெட்டல் வாசிக்கிறோம். அவ்வளவுதான்."

ஒருவரும் கைதட்டவில்லை. யாரோ இருமினார்கள். அந்த அமைதியில், பின்னால் நாலு தடவை குச்சி தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் கூரை இடிந்து விழுந்தது.

அன்றைக்கு அவன் அடித்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. பாட்டின் வேகம் ஒத்திகையில் இருந்ததைவிட எங்கேயோ போய்விட்டது. நானும் பாஸ்காரனும் ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி தொற்றிக்கொண்டோம். என் கையில் பாதி ஸ்வரம் விழவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டு உறுமினேன். சாவு வீட்டில் சோடா கொடுத்து அடக்கிய மிச்சமெல்லாம் வெளியே வந்தது. முன்னால் தொங்கிய பறைகள், எங்கள் பாஸ் அதிர்வுக்குத் தாங்களாகவே விம்மிக்கொண்டிருந்தன. டிரம்மர் ஒரு தடவைகூட அவற்றைப் பார்க்கவில்லை. வேட்டி நன்றாகத்தான் பிடித்துக்கொண்டது. கிக் டிரம் ஓர் அங்குலம் நகரவில்லை.

இறங்கியதும் சென்னைக்காரர் ஓடிவந்தார். "ப்ரோ, அந்த ஸ்பீச்! செம கன்டென்ட் ப்ரோ!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாஸ்காரன்தான் என்னை இழுத்துக்கொண்டு போனான், இல்லையென்றால் அன்றைக்கே ஒரு கேஸ் ஆகியிருக்கும்.

நான் பேசிய வீடியோவைத் தனியாக வெட்டி அவரே இணையத்தில் போட்டார். அது ஊருக்குப் போனது. பெரியப்பா என்னைப் பங்காளிகள் குரூப்பிலிருந்து நீக்கினார். நீக்குவதற்கு முன் ‘உறுமுறதுக்கு மட்டும்தான் லாயக்கு’ என்று ஒரு செய்தி போட்டாராம். என்னை எடைபோட்டதில் அது ஒன்றுதான் அவர் சரியாகச் சொன்னது. பழைய போஸ்டர் மட்டும் இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எவராலும் கூட்டி அள்ள முடியவில்லை. டிரம்மரின் அப்பா, தெரியாத நம்பர் வந்தால் போனை எடுப்பதில்லை.

அடுத்த வாரம் பயிற்சி முடிந்து, அவன் சிம்பல்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"நான் பேசுனத உங்கப்பா பாத்தாராடா?"

"பாத்தாரு."

"என்ன சொன்னாரு?"

திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தான். பை ஜிப்பை மூடினான். பக்கத்தில் லேத் ஓட ஆரம்பித்தது. சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே.

"நடந்ததயெல்லாம் நான் எழுதலாம்னு பாக்குறேன். எழுதட்டுமா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கினான். பாதிப்படியில் நின்று, திரும்பாமலேயே சொன்னான்:

"எழுது. என் பேரு வந்துச்சு, கைய ஒடிச்சிருவேன்."